ரெண்டு ஸ்பிரிங் சைக்கிளும் போடி மெட்டின் 17 வளைவுகளும்!

“மாமா, இதைப் பாருங்க. முன்னாடியும் ஷாக், பின்னாடியும் ஷாக். 13,999 ரூவாதான். இன்னிக்கு ராத்திரி 12 மணியோட ஆஃபர் முடியுது!”

சின்னமனூரில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம். மருமகன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். படத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி மாதிரி நின்றது. சீட்டுக்குக் கீழே தடியான ஒரு சிவப்பு ஸ்பிரிங்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். கூடப் படித்த பையன்கள் பைக் கேட்கிற வயதில் இவன் சைக்கிள் கேட்டதில் அக்காவுக்குப் பாதி நிம்மதி. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியிலேயே தேனி வரைக்கும் போய் வந்தவன். இப்போது நண்பர்களோடு போடி மெட்டுக்கு ஏற வேண்டுமாம். வாழை வெட்டிய பணத்தில் 20,000 ரூபாயை ஒதுக்கி வைத்திருந்தார் அவன் அப்பா. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஐந்து வருடங்களுக்கு முன்னால் நானும் படத்தைப் பார்த்து மயங்கி ஆன்லைனில் இப்படி ஒன்றை வாங்கியவன்தான். அந்தச் சைக்கிள் இதே அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் சாய்ந்து கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று அவனிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை.

“ஆஃபர் போனா இன்னொண்ணு வரும் மாப்ளே. மொதல்ல நீ எந்த ரோட்டுல ஓட்டப்போறேன்னு பாத்துட்டு வந்துருவோம். ரெண்டு நாள் குடு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சம்மதித்தான். கொட்டகையில் கிடந்த என் ‘ரெண்டு ஸ்பிரிங்’ சைக்கிளைத் தூசி தட்டினோம். கம்பத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இன்னொரு சைக்கிளை இரவல் வாங்கினோம். அது ‘ஹார்ட்டெயில்’ வகை. முன்னால் மட்டும் ஷாக், பின்னால் வெறும் கம்பிச் சட்டம். பார்க்கச் சாதுவாக இருந்தது.

முதல் நாள்: தண்ணீர் போகும் வழி

ஜூன் முதல் வாரம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரை போவது என்று திட்டம். முடிந்தவரை மெயின் ரோட்டை விட்டுவிட்டு, வாய்க்கால் கரையிலும் தோட்டத்துப் பாதையிலும் போனோம்.

கம்பம் பள்ளத்தாக்கை சைக்கிளில் பார்ப்பதே தனி சுகம். பஸ்ஸில் போனால் பச்சையாக ஒரு கோடுதான் ஓடும். சைக்கிளில் போனால் வாசனை மாறுவது தெரியும். நாற்றங்காலின் சேற்று வாசனை, வாழைத் தோப்பின் குளிர்ச்சி, பிறகு பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்கக் காய்க்கும் ஊர் என்பது இங்கே உள்ளவர்களின் பெருமை.

இத்தனையும் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய தண்ணீர். கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் முடிந்து, மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப்பில் இறங்கி மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு வயலுக்கு வருகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். இந்தப் பக்கத்து வீடுகளில் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பதும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பதும் சும்மா இல்லை.

சரி, சைக்கிளுக்கு வருவோம். வாய்க்கால் கரை என்பது கல்லும் மண்ணும், மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழிகளும்தான். மருமகன் ரெண்டு ஸ்பிரிங்கில், நான் ஹார்ட்டெயிலில்.

“எப்படிடா இருக்கு?”

“சூப்பரா இருக்கு மாமா. மெத்தை மாதிரி!”

பத்து நிமிடம் கழித்து, “மாமா, முன்னாடி போகவே மாட்டேங்குது” என்றான்.

காரணம் எளிமையானது. நாம் பெடலை மிதிக்கும்போது உடம்பின் எடையும் கீழே இறங்குகிறது. பின்னால் வெறும் ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கி எழும். சக்கரத்துக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும். விலை உயர்ந்த சைக்கிள்களில் ஷாக்குக்குள் எண்ணெயோ, அழுத்திய காற்றும் எண்ணெயுமோ இருக்கும். அது ஸ்பிரிங்கை அடக்கி, துள்ளாமல் மெதுவாகத் திரும்ப வைக்கும். ஏற்றத்தில் அசையாமல் பூட்டிக்கொள்ள ஒரு குமிழும் இருக்கும். மலிவானதில் இரண்டும் கிடையாது. கடையில் நேரே பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சீட்டை அழுத்தி விட்டுப் பாருங்கள். பந்து மாதிரி ‘டொய்ங்’ என்று துள்ளினால் அது வெறும் ஸ்பிரிங்தான்.

கம்பத்துக்கு முன்னாலேயே சைக்கிளை மாற்றிக்கொண்டோம். ஹார்ட்டெயிலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். அகலமான டயரில் காற்று சற்றுக் குறைவாக இருந்தாலே பாதி அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். மீதியை முழங்காலும் முழங்கையும் பார்த்துக்கொள்ளும், குழி வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டால் போதும். பையன் என்னை முந்திப்போய் ஒரு இளநீர் வண்டி பக்கத்தில் காத்திருந்தான். எதிர்காற்று வேறு. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் கணவாய் வழியாக இறங்கும் காற்று கூடலூர்ப் பக்கம் போகிறவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஒரு பக்கம் காற்று தள்ள, மறுபக்கம் ஸ்பிரிங் இழுக்க, நான் வந்து சேர்ந்தபோது அவன் இரண்டாவது இளநீரை முடித்திருந்தான்.

இரண்டாம் நாள்: முந்தலிலிருந்து மேலே

மறுநாள் விடிவதற்கு முன் இரண்டு சைக்கிளையும் ‘குட்டி யானை’யில் ஏற்றி போடிக்குப் போனோம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: மதுரையிலிருந்து போடிக்கு அகலப்பாதை ரயில் 2023 ஜூனிலிருந்து ஓடுகிறது. தேனிக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது.

போடியைத் தாண்டி முந்தல் வந்தால் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து போடி மெட்டு வரை சுமார் 20 கி.மீ., 17 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டும். அதிகாலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜீப்பிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “ஏன்யா, வண்டி கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வளைவுக்கு வளைவு சைக்கிளை மாற்றிக்கொண்டு ஏறினோம். என் சைக்கிள் எடை 19 கிலோ. நண்பருடையது 14. ஐந்து கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு 20 கி.மீ. மலையேறுவதாக நினைத்துப் பாருங்கள், புரியும்.

எடையைவிடப் பெரிய விஷயம் கியர். ‘21 ஸ்பீடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பெருக்கினால் 21, அவ்வளவுதான். மலைக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு: பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்கள், முன்னால் இருக்கும் சின்னதன் பற்களுக்குக் குறைந்தது சமமாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. முன்னால் 28, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்று. மூச்சு வாங்கினாலும் ஏறிவிடலாம். இரண்டு பக்கமும் ஷாக் வைத்துவிட்டு கியரே இல்லாமல் விற்கிற சைக்கிள்களும் ஆன்லைனில் உண்டு. அதை வாங்கி மலைக்கு வந்தால், நீங்கள் சைக்கிளை ஓட்ட மாட்டீர்கள், தள்ளிக்கொண்டு வருவீர்கள்.

புலியூத்துப் பக்கம் தண்ணீர் விழும் இடத்தில் முகம் கழுவிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தால் போடி நகரம் தீப்பெட்டிகளைக் கொட்டியது போலக் கீழே கிடந்தது. மேலே போகப் போகச் சாரல். போடி மெட்டு போய்ச் சேர்ந்தபோது மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. தமிழ்நாட்டின் கடைசிக் கடைகளில் ஒன்றில் ஏலக்காய் டீ. பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“எறங்கும்போது நான் ரெண்டு ஸ்பிரிங்ல வரேன் மாமா. ஏத்தத்துலதான அது மக்கர். எறக்கத்துல சும்மா பறக்கும்ல?”

நான் பயந்த கேள்வி அதுதான்.

அன்று நடந்தது

ஐந்து வருடங்களுக்கு முன்பு, இதே ரோட்டில், இதே சைக்கிளில் நான் பறந்தேன். டிஸ்க் பிரேக் என்று போட்டிருந்ததால் தைரியம். ஆனால் அது கேபிளில் இழுக்கும் மலிவான டிஸ்க் பிரேக். பிரேக்கைப் பிடித்தபடியே ஏழெட்டு வளைவு இறங்கிய பிறகு லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டது. கட்டை தேய்ந்து, கேபிளும் தளர்ந்து, பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. எதிரே ஜீப். மலைப்பக்கத்து மண்ணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டேன். முழங்கையில் ஏழு தையல். மறுபக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அக்காவிடம் அப்போது “சின்னதா சறுக்கிட்டேன்” என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவனிடம் சட்டையை மடித்துத் தழும்பைக் காட்டினேன். பிறகு இரண்டு சைக்கிளின் பிரேக் லிவரையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஹார்ட்டெயிலில் இருந்தது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக். ஒரு விரலில் பிடித்தது, பாதி தூரத்திலேயே கல் மாதிரி நின்றது. கட்டை தேயத் தேய அது தன்னாலேயே சரிக்கட்டிக்கொள்ளும். என் சைக்கிளில், ஏறுவதற்கு முன் போடியில் இறுக்கிவிட்டு வந்திருந்தும், லிவர் முக்கால்வாசி உள்ளே போனது.

அவன் ஒன்றும் பேசவில்லை. கீழே திரும்பிய ஒரு ஜீப்பில் ரெண்டு ஸ்பிரிங்கை ஏற்றினேன், நானும் ஏறிக்கொண்டேன். அவன் ஹார்ட்டெயிலில் முன்னால் இறங்கினான். பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்காமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு, நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று, டிஸ்க் ஆறவிட்டு. முந்தல் வந்து சேரும் வரை நான் ஜீப் கம்பியை விடவே இல்லை.

ஸ்பிரிங் பிறந்த கதை

மவுண்டன் பைக் பிறந்த ஊரிலும் முதலில் இடித்தது பிரேக்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற இடத்தில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21-இல் முதல் போட்டி. அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக், இறங்குவதற்குள் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். முன்பக்க ஷாக் ஃபோர்க் பரவலாக விற்பனைக்கு வந்தது 1989-இல்தான். பின்பக்க ஷாக் ஊரெங்கும் பரவியது அதற்கும் பிறகு.

நம் ஊரில் 90-களில் ‘எம்.டி.பி.’ என்றால் ஹெர்குலிஸ். ஸ்பிரிங்கே இல்லாமல் தடித்த டயரோடு வந்த அந்தச் சைக்கிளில்தான் ஒரு தலைமுறையே ஊர் சுற்றியது.

ரெண்டு ஸ்பிரிங் தப்பு என்று நான் சொல்லவில்லை. பாறையும் வேருமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் வேகமாக இறங்குகிறவர்களுக்கு அது அவசியம். ஆனால் தேனி மாவட்டத்தில் அப்படிப்பட்ட பாதைகள் பெரும்பாலும் காட்டுக்குள்தான். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. குரங்கணியில் 2018 மார்ச் 11-இல் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளோடு உள்ளே நுழைவது குற்றம் மட்டுமல்ல, உயிரோடு விளையாட்டு. நமக்கு மிஞ்சுவது தார் ரோடும் வாய்க்கால் கரையும் தோட்டத்துப் பாதையும். இதற்கு ஹார்ட்டெயில் தாராளம்.

ஆர்டர் போடும் முன்…

அன்று இரவு செல்போனோடு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்காவும்தான். நாங்கள் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிரேக், பிறகு கியர், பிறகு எடை. ஷாக் கடைசி. எடையையே போடாமல் விற்றால் சந்தேகப்படுங்கள், கனமாகத்தான் இருக்கும்.

‘26 இன்ச்’, ‘27.5 இன்ச்’ என்பது சக்கரத்தின் அளவு. உங்கள் உயரத்துக்குப் பொருந்த வேண்டியது சட்டத்தின் அளவு. அது தனியாகப் போட்டிருக்கும். ஐந்தரை அடி உயரத்துக்கு 16 முதல் 17 இன்ச் சட்டம் பொதுவாகச் சரியாக வரும். நிறுவனத்தின் உயர அட்டவணையையும் பாருங்கள்.

ரெண்டு ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால், பின் ஷாக்கில் எண்ணெயோ காற்றோ உண்டா, பூட்டும் வசதி உண்டா, மாற்று ஷாக் கிடைக்குமா, சட்டம் மடங்கும் மூட்டுகளில் பேரிங் உண்டா என்று கேளுங்கள். இதெல்லாம் ஒழுங்காக இருக்கும் சைக்கிள் லட்சத்தை ஒட்டியோ தாண்டியோதான் வருகிறது. பதினைந்தாயிரத்தில் நல்ல ஹார்ட்டெயிலைத் தேடலாம். பதினைந்தாயிரத்தில் நல்ல ரெண்டு ஸ்பிரிங்கைத் தேடுவது வீண். ஆசையை விட முடியாதவர்கள் காசு சேர்த்து, தெரிந்தவரை வைத்துப் பார்த்து, பழசாக ஒன்றை வாங்கலாம்.

விலையைப் பார்க்கும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததையும் நினைவில் வையுங்கள். ‘ஆஃபர்’ என்று அடித்துக் காட்டும் பழைய விலையை நம்பாதீர்கள்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ‘85 சதவீதம் பூட்டியது’ என்று வரும். மீதி 15 சதவீதத்தில்தான் வில்லங்கம். முன் ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டுவிடுவது சகஜமான தவறு. சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது முன் டிஸ்க் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ். எல், ஆர் என்ற எழுத்துகளைப் பார்க்காமல் முடுக்கினால் மரை போய்விடும். நூறு, இருநூறு போனாலும் பரவாயில்லை, பழகிய சைக்கிள் கடையில் கொடுத்து பூட்டி, ரிம் கோட்டம் எடுத்து, பிரேக் சரிபார்த்து வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பே அந்தக் கடைக்காரரிடம், ‘இதுக்கு சாமான் கெடைக்குமாண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேட்பது இன்னும் நல்லது.

பொருள் சரியில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, திருப்பி எடுக்கும் விதிமுறையும் தயாரித்த நாடும் தளத்தில் இருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

இவ்வளவும் பார்த்து, ஹைட்ராலிக் பிரேக் உள்ள ஒரு ஹார்ட்டெயிலை 17,500 ரூபாய்க்கு ஆர்டர் போட்டான். மிச்சக் காசில் ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், ஒரு கை பம்ப். அக்கா ஹெல்மெட்டை மட்டும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வைத்தாள். என் முழங்கையைப் பற்றி அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. போடி மெட்டு டீக்கடை, மேகம், சுவரில் சாய்ந்த நாலு சைக்கிள். கீழே ஒரு வரி: “இறங்கப் போறோம் மாமா. நாலு பேரு பிரேக்கையும் நான்தான் அழுத்திப் பாத்தேன்.”